தொங்கும் சுமையின் நிழல்

மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினால் எனக்கு இப்போதும் அந்த நிழல்தான் வரும். வெள்ளைக் கொங்கிறீற் தரையில் ஒரு கறுப்புச் சதுரம். கொஞ்சம் ஆடும், கொஞ்சம் நகரும், பிறகு நிற்கும். பின்னால் கடல் இருக்கும், ஆனால் கடலின் சத்தம் இருக்காது. அந்தச் சதுரத்துக்குள் யாரோ நிற்பார்கள். யாரென்று பார்க்கக் கிட்டப் போகும்போது மனைவி தேத்தண்ணியோடு வந்து எழுப்பிவிடுவாள். நான் ஓய்வு பெற்று நான்கு வருடமாகிறது. இந்தக் கனவு இன்னும் ஓய்வு பெறவில்லை.

புதிதாக மேற்பார்வைக்கு வந்திருக்கிற உங்களுக்குப் பாதுகாப்புப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். "ரெண்டு பக்கம் போதும் அண்ணை" என்றார் கேட்டவர். இரண்டு பக்கத்துக்குள் நான் முகம் கழுவிக்கூட முடிக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியாது. உங்களுக்கு இப்போது கைபேசியிலேயே கவனிப்புப் படிவம் வருகிறதாம். பாதுகாப்பான நடத்தை, பாதுகாப்பற்ற நடத்தை என்று விரலால் தட்டினால் போதுமாம். நல்ல விஷயம். விதிகளெல்லாம் சுவரில் இருக்கின்றன, நான் திரும்ப எழுதத் தேவையில்லை. நான் சொல்லப் போவது ஒரு சித்திரை மாதத்து மதியத்தைப் பற்றி. அதை நான் இதுவரை யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை.

எங்களுடையது உள்துறைமுகத்தில் ஒரு சின்ன இறங்குதுறை. நான் கரை வேலைக்கு மேற்பார்வையாளன். வருவது பெரும்பாலும் உரக் கப்பல். கப்பலின் வயிற்றுக்குள் மூட்டைகளை வலையில் அடுக்கி நான்கு மூலையையும் கொக்கியில் மாட்டிவிட்டால், கிறேன் அதைத் தூக்கிக் கரைக்குக் கொண்டுவரும். கரையில் நிற்பவர்கள் அதை லொறியில் இறக்கிக் கொக்கியைக் கழற்றுவார்கள். சுமை இடுப்பு உயரத்துக்கு வரும்வரை எல்லோரும் தரையில் கீறிய மஞ்சள் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். முழுப் பாதுகாப்பும் இந்த ஒரு வசனத்துக்குள்தான் இருந்தது. அந்த வசனத்தை நான் ஒரு நாளைக்கு ஐம்பது தரம் கத்தியிருப்பேன்.

எனக்கு அங்கே ஒரு பட்டப்பெயர் இருந்தது. நான் உயரம், ஒல்லி, வெள்ளைத் தலைக்கவசம். ஆகவே கொக்கு. என் மோட்டார் சைக்கிள் சத்தம் வாசலில் கேட்டதும் ஒருவர் விசிலடிப்பார், "கொக்கு வருது" என்று வாய்க்கு வாய் போகும். நான் கரைக்கு வந்து சேரும்போது எல்லாத் தலையிலும் கவசம் இருக்கும், எல்லாக் காலும் கோட்டுக்கு வெளியே இருக்கும். நான் திருப்தியோடு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பிப் போவேன். என் மோட்டார் சைக்கிளோடு வந்த பாதுகாப்பு என் மோட்டார் சைக்கிளோடேயே திரும்பிப் போகிறது என்று விளங்க எனக்கு இருபது வருடம் எடுத்தது. நீங்கள் கொஞ்சம் கெட்டிக்காரராக இருங்கள்.

இப்போது யோகராசாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சல்லி என்ற கரையோரக் கிராமத்தைச் சேர்ந்தவர், என்னைவிட இரண்டு வயது குறைவு. அப்பன் பாட்டன் எல்லாம் கடலுக்குப் போனவர்கள், இவர் மட்டும் கரையில் கொக்கி கழற்ற வந்தவர். வேலையில் அவரைப்போல் கை சுத்தமானவரை நான் கண்டதில்லை. ஆனால் கோட்டுக்குள் நிற்பார். தொங்கும் சுமைக்குக் கீழேயே நிற்பார். எத்தனை தரம் ஏசினாலும் "சரி சேர்" என்று தலையாட்டிவிட்டு அரை மணித்தியாலத்தில் திரும்ப அங்கே நிற்பார். இரண்டு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தாயிற்று. இரண்டையும் எழுதியவன் நான். மூன்றாவது கடிதம் என்றால் வேலை போய்விடும். அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள், மூத்தவள் அந்த வருடம்தான் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டிருந்தாள்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது, அவரிடம் மட்டுமல்ல, எல்லோரிடமும் இருந்தது. என்னோடு கதைக்க வரும்போது தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். கோயில் வாசலில் சால்வையை இறக்குவதுபோல. நான் அதை ஒரு நாளும் பிழையாக எடுத்ததில்லை. மரியாதைதானே என்று உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்துகூட இருந்தேன்.

அந்த மதியம் வெயில் உச்சியில் நின்றது. சித்திரையில் எங்கள் பக்கத்து வெயில் எப்படியென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தரை வெள்ளையாக எரியும், கடலைப் பார்த்தால் கண் கூசும், தூரத்தில் நிற்கும் கப்பல் தண்ணீரில் இல்லாமல் காற்றில் நிற்பதுபோலத் தெரியும். சிறுபோக நெல்லுக்கு உரம் வேண்டுமென்று கிளிவெட்டிப் பக்கத்து வயல்காரரிடமிருந்து தொலைபேசி மேல் தொலைபேசி. கப்பல் மாலைக்குள் துறையை விட வேண்டும். லொறிகள் கப்பல்துறைக் கிராமத்திலிருந்து வந்து சேரத் தாமதம். ஆகவே, லொறி பிந்தும் நாட்களில் வழக்கமாகப் போடும் உத்தரவை அன்று காலையும் போட்டிருந்தேன். லொறி வரும்வரை சும்மா நிற்க வேண்டாம், சுமையைத் தூக்கிக் கரைக்கு மேலே தொங்க வைத்திருங்கள், லொறி வந்ததும் உடனே இறக்கலாம். நேரம் மிச்சம். அந்த உத்தரவை நான் மிகவும் கெட்டித்தனமானது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அலுவலகத்திலிருந்து இறங்கி வருகிறேன். விசிலடிக்கிறவர் சாப்பிடப் போயிருந்தார் போல. மேலே வலை நிறைய மூட்டை தொங்குகிறது, சரியாக அதற்குக் கீழே யோகராசா நிற்கிறார். கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக் கடலைப் பார்த்தபடி. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கோட்டில் நின்று கத்தினேன், இயந்திரச் சத்தத்தில் கேட்கவில்லை. கிட்டப் போனேன். என்னைக் கண்டதும் அவர் அவசரமாக நாலடி முன்னால் வந்து, கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

கோபம் வந்தால் என் வாயில் 'நீங்கள்' எல்லாம் 'நீர்' ஆகிவிடும். "உமக்கு எத்தினை தரம் சொல்றது? உயிரில ஆசை இல்லையோ? பிள்ளையளை நினைச்சுப் பார்த்தனீரோ?" என்று கொட்டினேன். கொட்டக் கொட்ட அவருக்கு முன்னால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நடந்தேன், அது என் பழக்கம். நடந்துகொண்டிருந்த ஒரு கணத்தில் என் பிடரியில் வெயில் விட்டது. குளிர்ச்சியாக இருந்தது. நல்லாயிருந்தது. அங்கேயே நின்றுகொண்டு ஏச்சைத் தொடர்ந்தேன்.

அந்தக் கணத்தைத்தான் நான் இப்போதும் கனவில் காண்கிறேன். சத்தமெல்லாம் எங்கேயோ தூரத்தில் போனது போல. யோகராசாவின் கண் என் முகத்தை விட்டு மேலே போனது. அவர் வாய் திறந்தது, மூடியது. ஒருமுறை. இரண்டாம் முறையும். சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் நிற்கிறார் என்று இப்போது தெரிகிறது. அப்போது பயத்தில் முழிக்கிறார் என்று நினைத்து இன்னும் கத்தினேன். பிறகு அவர் கை என் நெஞ்சுச் சட்டையைப் பிடித்தது, நான் பறந்தேன். அப்படித்தான் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் விழுந்தோம். வலையின் ஒரு மூலை விட்டு, நான் நின்ற இடத்தில் மூட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கின. வெடித்த மூட்டைகளிலிருந்து உரத்தூள் வெள்ளையாக எழும்பி எங்களை மூடியது. கொஞ்ச நேரம் எதுவுமே தெரியவில்லை. என் சட்டையின் இரண்டாவது பொத்தான் போயிருந்தது. அவருடைய முழங்கையில் தோல் உரிந்திருந்தது. வேறொன்றும் இல்லை.

இரண்டு மணிக்கு மனேஜர் கூப்பிட்டார். அவர் கரையில் நடந்ததைப் பார்க்கவில்லை, சிதறிய மூட்டையைத்தான் பார்த்தார். "கீழ ஆரோ நிண்டதாமே. யோகராசாதானே? மூண்டாவது கடிதத்தை எழுதிக்கொண்டு வாங்கோ" என்றார்.

பிள்ளைகளே, இதுதான் நான் யாருக்கும் சொல்லாத இடம். நான் "இல்லை" என்று சொல்லவில்லை. மேசையில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன். முழுக் கிளாசையும் குடித்தேன். பிறகு, "விசாரிச்சு எழுதித் தாறன் சேர்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். யாரை விசாரிக்க? என்னையா? கொக்கு சுமைக்குக் கீழே நின்று ஏசிக்கொண்டிருந்தது என்று துறைமுகம் முழுக்கச் சிரிக்கும் என்ற ஒரே நினைப்புத்தான் தலையில் ஓடியது. காப்பாற்றியவருடைய வேலை என் நாக்கின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது, நான் என் வெட்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வாகை மரத்தடியில் யோகராசா காத்துக்கொண்டிருந்தார். கவசம் கக்கத்தில். முழங்கையில் யாரோ துணி கட்டிவிட்டிருந்தார்கள். கிட்ட வந்து, குரலைத் தாழ்த்தி, "சேர், குறை நினைக்காதீங்கோ" என்றார்.

"எதுக்கு?"

"உங்களில கை வச்சிட்டன். சட்டைப் பொத்தானும் போச்சு. வேணுமெண்டு செய்யேல்லை சேர். முதல் சொல்லத்தான் பார்த்தனான். நீங்கள் கதைச்சுக்கொண்டு இருந்தீங்கள். இடையில எப்பிடிக் கதைக்கிறது எண்டு யோசிச்சிட்டன்." முழங்கைத் துணியை இறுக்கிக்கொண்டார். "கடிதம் தந்தாலும் பரவாயில்லை. ஆனா கை வச்சதை மட்டும் அதில எழுதிப் போடாதீங்கோ. சுப்பவைசரில கை வச்சவன் எண்டு பேர் வந்தா, வேற இடத்திலையும் வேலை தரமாட்டினம்."

இந்த மனிதன் என் உயிரைக் காப்பாற்றிவிட்டு என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். தலைக்கு மேலே கயிறு அறுகிறது, அப்போதும் நான் பேசி முடிக்கட்டும் என்று காத்து நின்றிருக்கிறார். இப்படி ஒரு இடத்தை யார் கட்டியது? இருபது வருடமாகக் கத்திக் கத்தி, விசிலுக்குப் பயப்பட வைத்து, கவசத்தைக் கழற்ற வைத்துக் குளிர்ந்து போய், நான்தான் கட்டினேன். வலையின் மூலை அன்று விட்டது. எங்களுக்குள் இருந்த கயிறு எப்போதோ விட்டிருந்தது.

திரும்ப உள்ளே போனேன். கதிரையில் உட்காரவில்லை. "கீழ நிண்டது நான்தான் சேர். யோகராசா இழுக்காட்டி இண்டைக்கு நீங்கள் என்ர செத்தவீட்டுக்குத்தான் வந்திருப்பீங்கள். சுமையைத் தொங்கவிடச் சொன்னதும் நான்தான்" என்றேன்.

மனேஜர் என் சட்டையைப் பார்த்தார். பொத்தான் இல்லாத இடத்தைப் பார்த்தார். "அப்ப உங்களுக்கு ஆர் கடிதம் எழுதுறது?" என்றார்.

"நான் எழுதித் தாறன், நீங்கள் கையெழுத்து வையுங்கோ" என்றேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதி நல்ல பழக்கம் இருந்ததே. அந்தக் கடிதத்தை அடுத்த நாள் காலையில் அறிவித்தல் பலகையில், விதிகளுக்குப் பக்கத்தில், நானே ஒட்டினேன். சிரித்தார்கள்தான். ஒருவர் அதைப் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பியதாகக் கேள்வி. ஆனால் அன்று பத்து மணிக்குள் கிறேன் ஓட்டுகிற நசீர் நானா, மூதூர்க்காரர், என்னிடம் தானாக வந்தார். அவ்வளவு காலமும் அவர் தானாக வந்ததில்லை.

"லொறி வந்து நிண்ட பிறகுதான் சேர் தூக்கணும். நான் எத்தின தரம் நினைச்சிருக்கன். சொன்னா வேலைக்குப் பயந்தவன் எண்டு நினைப்பீங்க எண்டு சொல்லல்ல" என்றார். அன்றிலிருந்து லொறி நிற்காமல் எந்தச் சுமையும் மேலே போகவில்லை. சொல்லுவதற்கு அவருக்கு வேண்டியிருந்தது என் கடிதம் ஒன்றுதான்.

ஆனால் யோகராசா ஏன் அங்கே போய் நிற்கிறார் என்ற கேள்வி அப்படியே இருந்தது. இருபது வருடத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. கேட்டேன். வாகை மரத்தடியில் இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது, ஏசாமல், சும்மா, "ஏன் யோகராசா அங்க போய் நிக்கிறீங்கள்?" என்று கேட்டேன்.

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "நிழல் சேர்" என்றார். "கரையில வேற எங்க இருக்கு நிழல்?"

பிறகு மெதுவாகச் சொன்னார். "காலமை எட்டு ஒன்பது மணிக்கு நிழல் தள்ளித்தான் விழும். சுமை ஒரு பக்கம், நிழல் ஒரு பக்கம். அதில நிண்டா ஒண்டும் இல்லை. அதோட நிண்டு நிண்டு, அது நகர நாங்களும் நகருவம். மத்தியானத்தில எங்க நிக்கிறம் எண்டு எங்களுக்கே தெரியாது. வேணுமெண்டு ஆர் சேர் சுமைக்குக் கீழ போய் நிப்பான்?"

நான் நம்பவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் ஒரு சோக்குக் கட்டியோடு கரைக்குப் போனேன். கப்பல் இல்லாத நாள், கிறேன் சும்மா நின்றது, நசீர் நானாவை வெறும் கொக்கியில் ஒரு படங்குத் துணியை மட்டும் விரித்துக் கட்டித் தூக்கச் சொன்னேன். அதன் நிழலை அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை தரையில் வரைந்தேன். எட்டு மணிக் கோடு மஞ்சள் கோட்டுக்கு வெளியே. ஒன்பது மணிக் கோடும் வெளியே. பத்து மணிக்குக் கோட்டைத் தொட்டது. பதினொரு மணிக்கு உள்ளே. பன்னிரண்டுக்குச் சரியாகக் கொக்கிக்குக் கீழே. சதுரத்துக்குப் பக்கத்தில் சதுரமாக அது கரைமேல் நடந்து வந்ததைப் பார்த்தேன். கடல் அசையாமல் கிடந்தது. வெயிலில் தலை கிறுகிறுத்தது. பன்னிரண்டு மணிச் சதுரத்தை வரைந்து முடித்து நிமிரும்போது கவனிக்கிறேன், நான் அந்தச் சதுரத்துக்குள் நிற்கிறேன். யாரும் என்னை அங்கே கூப்பிடவில்லை. கால் தானாகப் போயிருந்தது.

பிழையான இடத்துக்கு யாரும் ஒரே எட்டில் போவதில்லை, பிள்ளைகளே. பாதுகாப்பான ஒரு பழக்கத்தோடு காலையில் தொடங்குகிறார்கள். அது அங்குலம் அங்குலமாக உள்ளே கூட்டிக்கொண்டு போகிறது. நீங்கள் மதியம் வந்து பார்த்துவிட்டுக் கவலையீனம் என்று படிவத்தில் தட்டுகிறீர்கள். காலையிலிருந்து கூட நின்றால்தான் அது எங்கே திரும்பியது என்று தெரியும்.

பட்டறையில் பழைய குழாய்களை ஒட்டவைத்து, சில்லுப் பூட்டி, மேலே படங்கு கட்டி இரண்டு பந்தல் செய்தோம். கோட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டு திரியலாம். உள்ளே இருக்க ஒரு வாங்கு, ஒரு தண்ணீர்க் குடம். அவ்வளவுதான். யோகராசா அதற்குப் பிறகு கோட்டுக்குள் நின்றதை நான் காணவில்லை. இரண்டு கடிதத்தாலும் ஐம்பதாயிரம் கத்தலாலும் செய்ய ஏலாததை ஒரு கிழிந்த படங்கு செய்தது. எனக்குச் சந்தோஷமும் வந்தது, அழுகையும் வந்தது. அலுவலகத்தில் அவருடைய கோப்புக் கோவையிலிருந்த அந்த இரண்டு கடிதங்களையும் திரும்ப எடுக்க மனேஜரோடு மூன்று மாதம் மல்லுக்கட்டி எடுத்தேன்.

பந்தல் சுலபம். கவசத்தைத் தலையிலேயே வைத்துக்கொண்டு என்னோடு கதையுங்கள் என்பதுதான் கடினமாக இருந்தது. கை தானாகத் தலைக்குப் போகும். நான் அந்தக் கையைப் பிடித்து இறக்குவேன். ஆபத்து என்றால் யாரும் யாரையும் நிறுத்தலாம், இடையில் வெட்டிக் கதைக்கலாம், கை வைக்கலாம், இழுத்து விழுத்தலாம் என்று ஒவ்வொரு காலையும் சொன்னேன். "ஓம் சேர்" என்பார்கள். நம்பினார்களா என்று தெரியாது. யாராவது நிறுத்தினால், அது தேவையில்லாத நிறுத்தமாக இருந்தாலும், முதலில் நன்றி சொல்லப் பழகினேன். எனக்கு அது வேப்பெண்ணெய் குடிக்கிறது மாதிரித்தான். குடித்தேன்.

சில வருடம் கழிந்து, என் வேலையின் கடைசிக் கிழமை. பிரியாவிடைச் சாப்பாட்டைப் பற்றி யாரோ தொலைபேசியில் கேட்கிறார்கள், நானும் கோழியா மீனா என்று கதைத்துக்கொண்டு கரையில் நடக்கிறேன். அதே சித்திரை, அதே வெயில். தூரத்தில் சீனன்குடா விமானத்தளப் பக்கம் ஒரு விமானம் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்தபடி நடந்தேன். பிடரியில் வெயில் விட்டது. குளிர்ச்சியாக இருந்தது.

கிறேனின் ஹோர்ன் அலறியது. மேலே நசீர் நானா சுமையை அப்படியே நிறுத்திவிட்டார். பந்தலுக்குள்ளிருந்து மூன்று நான்கு பேர் ஒரே நேரத்தில் எழும்பினார்கள். எல்லோருக்கும் மேலாக யோகராசாவின் குரல் கேட்டது.

"கொக்கு! கோட்டுக்கு வெளிய!"

முதுகுக்குப் பின்னால் மட்டும் கேட்டுப் பழகிய பெயரை முதல் தரம் முகத்துக்கு நேரே கேட்டேன். ஓடி வெளியே வந்து கையை உயர்த்தினேன். நசீர் நானா ஒரு கணம் பார்த்துவிட்டுச் சுமையை இறக்கினார். யோகராசா என் முன்னால் நின்றார், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கவசம் தலையில் இறுக்கிக் கட்டியபடி. "போனைப் பையில வையுங்கோ சேர்" என்றார். திரும்பி வேலைக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு யாரும் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.